ஜன்னல் வழியாகப் போன கட்டில்

நம் வயதுக்காரர்களில் ஆஸ்பத்திரி வராந்தாவின் இரும்பு நாற்காலியை அறியாதவர் யாரும் இருக்க முடியாது. பெற்றவர்களுக்காக உட்கார்ந்திருப்போம், இல்லையென்றால் பிள்ளைகளுக்காக. நான் போன மழைக்காலத்தில் என் மகனுக்காக உட்கார்ந்தேன். டெங்கு. தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே அவன், வெளியே நான். இப்போது அவன் வீட்டுக்கு வந்துவிட்டான். பழையபடி போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறான். நான்தான் இன்னும் வீடு வந்து சேரவில்லை. அவன் தும்மினால் என் கை தானாக அவன் நெற்றிக்குப் போகிறது. "விடும்மா" என்று தட்டிவிடுகிறான்.

அந்த வராந்தாவுக்கு எங்கள் சபையிலிருந்து ஒரு அம்மா சாத்துக்குடிப் பையோடு வந்தார். நல்ல மனுஷி. இரண்டு பஸ் மாறி, மழையில் நனைந்து வந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "முழு மனசோட நம்புங்க சிஸ்டர். துளி சந்தேகம் இருந்தாலும் சுகம் தடைபட்டுடும்" என்றார். என்னிடம் இருந்தது துளி அல்ல, குடம். பிள்ளையின் இரத்தத்தில் ஏதோ குறைந்துகொண்டே போகிறது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போகும்போது எந்தத் தாய்க்கு முழு மனசு இருக்கும்? நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவர் போன பிறகு, பீர்க்கன்கரணையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீடும், அதில் அக்கா படுத்திருந்த கட்டிலும் கண்முன் வந்து நின்றன. எத்தனையோ வருஷமாக நான் நினைத்துப் பார்க்காத ஒரு மழைக்காலம் அது.

அக்காவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. எனக்கு எட்டு. பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது அக்கா வலது காலை லேசாகச் சாய்த்து நடக்க ஆரம்பித்தாள். நொண்டி விளையாடுகிறாள் என்று முதலில் அப்பா அதட்டினார். பிறகு சாயங்காலமானால் காய்ச்சல் வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, இடுப்பு மூட்டில் டி.பி. என்றார்கள். தினம் மாத்திரை, ஊசி. அதோடு கால் அசையாமல் நீட்டியபடி படுத்திருக்க வேண்டும், காலை எப்போதும் ஒரு பாரம் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். வார்டில் இடம் இல்லாததால் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள்.

அதற்காகவே ஒரு கட்டில் வந்தது. எங்கள் வீட்டில் வாசல் அறை, அதையடுத்து குறுகலாக வளைந்து போகும் நடை, அதன் முடிவில் தெருவைப் பார்த்த இன்னொரு அறை. அந்த வளைவில் கட்டில் திரும்பாது என்பதால் ஆசாரி அதைத் துண்டு துண்டாகக் கொண்டுவந்து அறைக்குள் வைத்துப் பொருத்திப் பூட்டினார். கால்மாட்டில் ஒரு சின்னக் கப்பி. அக்காவின் முழங்காலுக்குக் கீழே சுற்றிய பட்டையிலிருந்து கயிறு கிளம்பி, கப்பியில் ஏறி, கீழே தொங்கும். அதன் முனையில் செங்கல். மளிகைக்கடைத் தராசில் நிறுத்து, ஒரு மூலையை உடைத்துச் சரிசெய்து, அப்பாவின் பழைய ரயில்வே காக்கிச் சட்டைத் துணியில் பொதிந்து அம்மா தைத்த செங்கல். காற்றடித்தால் அது மெல்ல ஆடும். "எனக்கு ரெண்டு தங்கச்சி. ஒண்ணு தொங்கினு கீது, ஒண்ணு தின்னுகினு கீது" என்பாள் அக்கா. தின்பவள் நான். அந்த மாத்திரையைப் போட்டால் மூத்திரம் சிவப்பாகப் போகும். அதற்கும் சிரித்தோம்.

ஆசாரி கட்டிலைப் பூட்டி முடிக்கும்வரை எங்களுக்கு வீட்டை வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரர் பக்கத்திலேயே நின்றிருந்தார். உதவிக்கு அல்ல, சுவரில் ஆணி இறங்குகிறதா என்று பார்ப்பதற்கு. அவர் அந்த ஊரின் பழைய குடும்பம். ஏரிப் பாசனத்தில் நெல் போட்ட நிலம் மனைகளாகிப் போக, மிச்சத்தில் வரிசையாக வாடகை வீடுகள் கட்டியிருந்தார். "செவுத்துல ஆணி அடிச்சா என் நெஞ்சுல அடிச்ச மாதிரிம்மா" என்பது குடிவரும் எல்லாரிடமும் அவர் சொல்லும் முதல் வார்த்தை. அதனால் எங்கள் வீட்டுக் காலண்டரும், முள்முடி சூடிய இயேசுவின் படமும் ஜன்னல் கம்பியில் சணலால் கட்டித் தொங்கின. அந்த ஜன்னல் அவருக்கு உயிர். தேக்கு மரம். தன் வீட்டுக்கு வாங்கியதில் மிஞ்சியதை எங்களுக்கு வைத்திருந்தார். சனிக்கிழமைதோறும் சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போய்விட்டு வரும்போது, நெற்றி நாமத்தோடு அந்த ஜன்னலருகே நின்று சட்டத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, கால் எப்படி கீது?" என்று அக்காவைக் கேட்பார்.

ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் ஓய்வுநாள் பள்ளிக்குப் போவேன். அங்கே ஒரு பலகையில் ஃபிளானல் துணியைப் போர்த்தி, கதையின் ஆட்களை அட்டையில் வெட்டி ஒட்டுவார்கள். இன்று எந்தப் பிள்ளைக்கும் அது தெரியாது. அட்டையின் பின்னால் சொரசொரப்புத் தாள் இருக்கும், துணியில் வைத்தால் பிடித்துக்கொள்ளும். அன்று திமிர்வாதக்காரன் கதை. கை கால் விளங்காத ஒருவனை நாலு பேர் படுக்கையோடு தூக்கிவருகிறார்கள். இயேசு இருக்கும் வீட்டில் கூட்டம், உள்ளே நுழைய முடியவில்லை. மேலே ஏறிக் கூரையைப் பிரித்து, அவனைப் படுக்கையோடு உள்ளே இறக்குகிறார்கள். அவன் சுகமாகி, படுக்கையை எடுத்துக்கொண்டு நடந்து போகிறான். எங்கள் பலகையில் எல்லாரும் ஒட்டினார்கள், திமிர்வாதக்காரன் மட்டும் வழுக்கி வழுக்கிக் கீழே விழுந்தான். வாத்தியார் எச்சில் தொட்டுக்கூட ஒட்டிப் பார்த்தார். வீட்டுக்கு வந்து இதை அக்காவிடம் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது, ஜன்னலுக்கு வெளியே வீட்டுக்காரர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"யார் வூடு அது?" என்றார்.

"தெரியாது மாமா" என்றேன்.

"இன்னா தெரியாது? நாலு பேரு மேல ஏறி கூரையப் பிரிக்கறான். வூட்டுக்காரன் இன்னா பண்ணினு இருந்தானாம்?"

"அவரும் உள்ள உக்காந்து கேட்டுகினு இருந்திருப்பாரு மாமா" என்றாள் அக்கா.

"நானா இருந்தா காலை ஒடிச்சிருப்பேன்."

"அவனுக்கு ஏற்கெனவே கால் வராது மாமா."

"அவன் காலை இல்லம்மா. தூக்கினு வந்தானுங்களே, அந்த நாலு தடியனுங்க காலை!"

அக்கா சிரித்ததில் செங்கல் குலுங்கியது. அம்மா சமையலறையிலிருந்து, "சிரிக்காதடி, கால் ஆடுது" என்று கத்தினாள்.

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் பெண்கள் உபவாச ஜெபம் நடக்கும். அதை நடத்தியவள் அத்தை, அப்பாவின் அக்கா. கணவர் இறந்தபின் எங்கள் தெருவிலேயே தனியாக இருந்தாள். ஆஜானுபாகுவான உடம்பு, கோயில் மணி போன்ற குரல். அவள் ஜெபித்தால் பாத்திரங்கள் அதிரும் என்று அப்பா கேலி செய்வார். ஆனால் அக்காவுக்காக அவள் பட்டினி கிடந்தது போல வேறு யாரும் கிடக்கவில்லை. மாதங்கள் போயும் அக்கா எழுந்திருக்காதது அவளை அரித்தது. காரணம் தேட ஆரம்பித்தாள். காரணம், அந்தச் செங்கல்.

"கல்லையும் கட்டித் தொங்கவிட்டுகினு, ஆண்டவரே சுகம் குடும்னா எப்படிம்மா? அவர நம்பறியா, கல்ல நம்பறியா?" என்று அம்மாவைக் கேட்டாள்.

"ரெண்டும் இருக்கட்டும் அண்ணி" என்றாள் அம்மா.

"அதான் அவிசுவாசம். அதான் புள்ள படுத்தே கிடக்குது."

அம்மா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அரிசி களையப் போய்விட்டாள். கதவு மூடாத வீடு. பேச்சு முழுவதும் நடையைத் தாண்டி அக்காவின் காதில் விழுந்திருக்கும் என்று பெரியவர்கள் யாருக்கும் தோன்றவில்லை. படுத்திருக்கும் பிள்ளைக்குக் காது கேட்காது என்று ஏன்தான் நாம் எல்லாரும் நினைத்துக்கொள்கிறோமோ.

ஏரி நிரம்பி, தெருவில் முழங்கால் தண்ணீர் நின்ற ஒரு வெள்ளிக்கிழமை. அப்பா வேலைக்குப் போய்விட்டார். மழையிலும் பெண்கள் வந்துவிட்டார்கள். வாசல் அறையில் முட்டிபோட்டு, முக்காடிட்டு, கண்ணை மூடி எல்லாரும் ஒரே குரலாக ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவும் அதில் இருந்தாள். நான் அக்காவின் அறையில் தரையில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தேன். அத்தை ஜெப எண்ணெய்க் குப்பியோடு உள்ளே வந்து, அக்காவின் நெற்றியில் பூசினாள்.

"அத்தே" என்றாள் அக்கா. "அதை எடுத்துடுங்க. நான் நம்பறேன்."

அத்தையின் முகத்தை நான் பார்த்தேன். பயம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. அவளுக்குப் பயம் வரும் என்றே எனக்குத் தெரியாது. குனிந்து செங்கல்லை இரண்டு கையாலும் ஏந்தி, முடிச்சை அவிழ்த்து, தூங்கும் குழந்தையைக் கிடத்துவது போலத் தரையில் வைத்தாள். "எழுந்திரு என் கண்ணு" என்றாள்.

அக்கா எழுந்தாள். கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாதக்கணக்கில் படுத்தே பார்த்த அக்கா எவ்வளவு உயரம்! அவள் முகம் அன்று இருந்த மாதிரி எந்த மணப்பெண் முகமும் இருந்து நான் பார்த்ததில்லை. "நிக்கறேன் பாருடி" என்று என்னிடம் சொன்னாள். கையை விட்டாள். ஒரு அடி வைத்தாள்.

பிறகு விழுந்தாள்.

அந்த அலறலில் ஜெபம் நின்றது. அம்மா ஓடிவந்தாள். அக்காவின் கால் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. அம்மா யாரையும் எதுவும் கேட்கவில்லை. தரையில் உட்கார்ந்து, அக்காவின் கணுக்காலை இரண்டு கையாலும் பற்றி, மெல்லத் தன் பக்கம் இழுத்தாள். அலறல் முனகலானது. பிடியைக் கொஞ்சம் தளர்த்தினால் மறுபடி அலறல். அவ்வளவுதான், அதற்குப் பிறகு அம்மா அந்தக் காலை விடவே இல்லை. செங்கல் செய்த வேலையை அவள் கை எடுத்துக்கொண்டது.

பெண்கள் சேர்ந்து அக்காவைக் கட்டிலில் கிடத்துவதற்குள் வீட்டுக்காரரும் அவருடைய மகனும் வந்துவிட்டார்கள். பக்கத்துப் போர்ஷனில் இருந்த லேத் பட்டறை அண்ணனும் வந்தார். ஆட்டோ தண்ணீரில் வராது. வந்தாலும் அக்காவை மடக்கி உட்காரவைக்க முடியாது. கட்டிலோடுதான் மெயின் ரோடு வரை தூக்க வேண்டும். தூக்கிப் பார்த்தார்கள். நடையின் வளைவில் கட்டில் போய் இடித்து நின்றது. சாய்த்தால் அக்கா கத்தினாள். ஆளுக்கொன்று சொன்னார்கள்.

வீட்டுக்காரர் கட்டிலையும் வளைவையும் பார்த்தார். பிறகு வெளியே போய்விட்டார்.

"அண்ணா, போவாதீங்க அண்ணா!" என்று அம்மா கத்தினாள்.

அவர் கடப்பாரையோடு திரும்பி வந்தார். தெருப்பக்கம், தண்ணீரில் நின்றுகொண்டு, தன் தேக்கு ஜன்னலின் சட்டத்துக்கும் சுவருக்கும் இடையில் கடப்பாரையைக் கொடுத்து, "நரசிம்மா!" என்று நெம்பினார். சுண்ணாம்பு பொலபொலவென்று உதிர்ந்தது.

அவர் மனைவி குடையோடு ஓடிவந்தார். "ஐயோ, நல்ல ஜன்னலு! இன்னாய்யா பண்ற?"

"வாய மூடு. புள்ள கத்தறது காதுல வுழல உனக்கு?"

காலண்டரும் இயேசுவின் படமும் சணலோடு தண்ணீரில் போய் விழுந்தன. ஜன்னல் முழுதாகப் பெயர்ந்து வந்தது. கீழே இரண்டு வரிசைச் செங்கல்லையும் தட்டி எடுத்துவிட்டு, வியர்வையும் மழையுமாக அவர் உள்ளே எட்டிப் பார்த்து அக்காவிடம் சொன்னார்: "இந்தா பாரு, ஜன்னலோட நிறுத்திக்க. கூரையெல்லாம் கேக்கக்கூடாது, சொல்ட்டேன்." வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்த அக்காவுக்கு அந்த நேரத்திலும் வாய் கோணி ஒரு சிரிப்பு வந்தது.

"மூணு பேரு கீறோம். இன்னொரு கை வேணும்" என்றார்.

வந்திருந்த பெண்கள் எல்லாரும் வயதானவர்கள். அத்தை மட்டும் சுவரோரம் எண்ணெய்க் குப்பியைப் பிடித்தபடி, அக்கா விழுந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள். அவள் குப்பியைக் கீழே வைத்தாள். புடவையை முழங்காலுக்கு மேல் வரிந்து செருகினாள். சபையில் கணுக்கால் தெரிந்தாலே அதட்டுகிறவள். உடைந்த சுவரைத் தாண்டித் தண்ணீரில் இறங்கி, கட்டிலின் ஒரு காலைப் பிடித்தாள். "தூக்குங்க" என்றாள். அந்தக் கோயில் மணிக் குரல்தான்.

அந்த ஊர்வலத்தை நான் என்ன சொல்ல. பழுப்புத் தண்ணீரில் ஆகாயத்தாமரை மிதந்து வந்தது. நாலு பேர் தோளுயரத்தில் கட்டில். அவர்களுக்கு முன்னால் அம்மா, கையை உயர்த்தி அக்காவின் காலை இழுத்துப் பிடித்தபடி, பின்பக்கமாகவே நடந்தாள். எங்கே பள்ளம், எங்கே கல் என்று அவளுக்குத் தெரியாது. திரும்பிப் பார்க்கவும் முடியாது. அவளுக்கு எதிரே கட்டிலைத் தூக்கி வந்தவர்கள்தான் அவளுக்குக் கண். "லெப்ட்ல வாம்மா… அங்க சாக்கடை… மெதுவா" என்று வீட்டுக்காரர் சொல்லச் சொல்ல, அப்படியே கால் வைத்தாள். ஒருமுறைகூடத் தடுமாறவில்லை.

மெயின் ரோட்டில் ஒரு பால் வண்டியை மறித்து ஏற்றினார்கள். வண்டிக்குள் அத்தை மார்பில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். "நான் பாவி… நான்தான்…"

"அப்புறம் அழுவலாம் அண்ணி" என்றாள் அம்மா. "என் கை மரத்துப்போச்சு. நீங்க காலைப் புடிங்க."

அத்தை பிடித்தாள். ஆஸ்பத்திரி வரும்வரை பிடித்திருந்தாள்.

அங்கே பெரிய டாக்டர் கோபமாக, "யாரு வெயிட்டை எடுத்தது?" என்றார். அத்தை வாயைத் திறந்தாள். அதற்குள் அம்மா, "அவுந்து விழுந்துடுச்சு சார்" என்றாள். பொய் சொன்னால் நாக்கில் சூடு வைப்பேன் என்று எங்களை மிரட்டுகிறவள் அவள்.

இந்த முறை வார்டில் இடம் கிடைத்தது. சில நாள் கழித்து, வலி அடங்கிய ஒரு மத்தியானம், அக்கா விட்டத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "நான் நெஜமா நம்பித்தான்மா எழுந்தேன். அப்புறம் ஏன் விழுந்தேன்? எனக்குப் பத்தலையா?"

அம்மா சாதத்தைப் பிசைந்து ஒரு வாய் ஊட்டிவிட்டு, "அந்தக் கூரையைப் பிரிச்ச கதையில, படுத்துகினு இருந்தானே, அவன் இன்னா சொன்னான்?" என்றாள்.

அக்கா யோசித்தாள். "ஒண்ணும் சொல்லலையே."

"நம்பறியான்னு அவனை யாராவது கேட்டாங்களா?"

"இல்ல."

"தூக்கினு வந்தவங்களப் பாத்துதான் சாமி அவனை எழுப்பினாரு. நம்பறது தூக்கறவங்க வேலை. நீ சின்னப் பொண்ணு, உனக்கு வலிக்குது. நீ படுத்துக்கோ. வாயத் திற."

அம்மா எட்டாவதுக்கு மேல் படித்ததில்லை. அந்தக் கதைக்கு நான் பிறகு எத்தனையோ பிரசங்கம் கேட்டுவிட்டேன். நம்பியவன் நடந்தான் என்றே பெரும்பாலும் சொல்கிறார்கள். நம்பினானா என்று அந்தக் கதையில் யாருமே கேட்கவில்லை என்பதை அம்மாதான் பார்த்திருக்கிறாள். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே என் மகன் நினைவில்லாமல் கிடந்தபோது, அவன் எதையும் நம்பும் நிலையில் இல்லை. நானும் ஒழுங்காக நம்பவில்லை. நடுங்கிக்கொண்டே தூக்கினேன், அவ்வளவுதான். அப்படித் தூக்கினாலும் கணக்கில் வரும் என்றுதான் நினைக்கிறேன்.

அக்கா நடந்தாள். உடனே அல்ல, கட்டு, மாத்திரை, மறுபடி கட்டு என்று ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ஒரு கால் கொஞ்சம் குட்டையாகவே நின்றுவிட்டது. ஊன்றுகோலோடு அவள் முதல்முறை எங்கள் சபைக் கோவிலுக்கு வந்தது அறுப்பின் பண்டிகை அன்று. விளைச்சலிலிருந்து காணிக்கையாக வந்த பூசணியும் கரும்பும் வாழைத்தாருமாக ஒரே வாசனை. எங்கள் வழக்கப்படி, சுகம் பெற்றவர்கள் மேடையேறிச் சாட்சி சொல்ல வேண்டும். அதற்கென்றே வார்த்தைகள் இருக்கின்றன. விசுவாசித்தேன், பெற்றுக்கொண்டேன் என்று முடியும். சபையே அவளுக்காகக் காத்திருந்தது. அத்தை மட்டும் கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் இருந்தாள். அந்த மழைநாளுக்குப் பிறகு அவள் சபையில் வாய்விட்டு ஜெபித்ததே இல்லை.

அக்கா மேடையில் நின்றாள். தொண்டையைச் செருமினாள்.

"நான் கட்டில்ல படுத்துகினு இருந்தேன். எங்க அத்தை ஒரு பக்கம் தூக்கினாங்க. வூட்டுக்கார மாமா, அவரு பையன், பக்கத்து வூட்டு அண்ணன் மத்த பக்கம் தூக்கினாங்க. அம்மா காலைப் புடிச்சிகினு வந்தாங்க. ஸ்தோத்திரம்."

சபை மூப்பர் ஒருவர் எழுந்தார். "உன் விசுவாசத்தப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லும்மா."

"எனக்கு அப்ப வலி மட்டுந்தான் சார் இருந்துச்சு" என்றாள் அக்கா.

இதற்கு ஆமென் சொல்வதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த அமைதியில் கடைசி வரிசையிலிருந்து பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது. அத்தை எழுந்து, ஆண்கள் பக்கத்தையும் பெண்கள் பக்கத்தையும் பிரிக்கும் நடுப்பாதையில் நேராக நடந்து வந்தாள். மேடைப் படியருகே நின்று, அக்காவின் கையிலிருந்த ஊன்றுகோலை வாங்கித் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தோளைக் கொடுத்தாள்.

"வா, எறங்கலாம்" என்றாள்.

அக்கா தன் முழு பாரத்தையும் அவள்மேல் சாய்த்துக்கொண்டு இறங்கினாள்.